மரம் குடித்த பதினான்கு சென்டிமீட்டர்

1

இது திருட்டுக் கதை. நீங்களாகக் கண்டுபிடித்து முகம் சுளிப்பதற்குமுன் நானே சொல்லிவிடுகிறேன். திருடிய இடம், என் அக்கா வீட்டு மொட்டைமாடி. காயப்போட்ட துணிகளை எடுத்துக்கொண்டே அவள் சொன்னாள். போர்வையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நான் கேட்டேன். மடித்து முடித்ததும் என் முகத்தைப் பார்த்தாள். உடன்பிறந்தவளுக்கு அந்த முகம் தெரியும்.

"டேய், இதை எழுதித் தொலைச்சிடாதே."

"ச்சே, நான் ஏன்க்கா எழுதப்போறேன்."

அன்று சாயங்காலமே உட்கார்ந்துவிட்டேன்.

2

தொடக்கம்தான் படுத்தியது. முதல் முயற்சி:

"கடலோர மணல்மேட்டில் பைன் மரங்கள் காற்றோடு ஏதோ ஒரு சோகத்தை —"

அந்த மரங்களுக்கு ஒரு சோகமும் இல்லை. நான் பார்த்தவரையில் அவை கொழுகொழுவென்று இருந்தன. அடித்துவிட்டேன்.

இரண்டாவது:

"தண்ணீரின் கண்ணீரை யார் —"

இதை எழுதிய கை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதை நினைத்தால் எனக்கே கூசுகிறது.

மூன்றாவது, வேறு வழியில்லாமல் உண்மை:

அக்கா நீர்வளத் துறையில் அளவர். அவள் ஊருக்கும் கடலுக்கும் நடுவே ஒரு பைன் காடு. தரை முழுக்க மணல். காட்டுக்குள்ளே அங்கங்கே நாற்பத்திரண்டு கண்காணிப்புக் கிணறுகள். கிணறு என்றதும் கயிறையும் வாளியையும் நினைக்காதீர்கள். மணலில் செங்குத்தாக இறக்கிய, கைமுட்டி நுழையும் அகலமுள்ள குழாய், மேலே ஒரு மூடி, அதில் ஒரு பூட்டு. அவ்வளவுதான். மாதம் ஒருமுறை அக்கா ஒவ்வொன்றாகப் பூட்டைத் திறந்து, தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளந்து, பதிவேட்டில் எழுதி, மறுபடி பூட்டுவாள். பதினொரு வருடங்களாக இதுதான் வேலை.

அளக்கும் கருவிக்கு அலுவலகத்தில் நீளமான பெயர் உண்டு. அங்கே யாரும் அதைச் சொல்வதில்லை, கீச்சான் என்பார்கள். உருளையில் சுற்றிய எண் அச்சடித்த நாடா, அதன் நுனியில் ஒரு உலோகக் குண்டு. குழாய்க்குள் இறக்க இறக்க, குண்டு தண்ணீரைத் தொட்டதும் "கீச்" என்று கத்தும். அந்த நொடியில் குழாயின் வாய்க்கு நேராக நாடாவில் என்ன எண் இருக்கிறதோ, அதுதான் ஆழம்.

இந்தக் கருவியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் வில்லன் அதுதான். இன்னொரு வில்லன் கிடைக்குமா என்று தேடினேன். கிடைத்தார், ஆனால் நல்ல மனிதராக இருந்து தொலைத்தார். பின்னால் வருவார்.

3

இங்கே கொஞ்சம் பாடம் எடுக்க வேண்டும். பிடிக்காதவர்கள் நாலாம் பகுதிக்குத் தாவலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். அக்கா கோபித்துக்கொள்வாள்.

மழை பெய்தால் மணல் அப்படியே உறிஞ்சி உள்ளே விட்டுவிடும். கீழே போன நல்ல தண்ணீர், மணலுக்குள் ஏற்கெனவே புகுந்து கிடக்கும் கடல்நீரின்மேல் மிதக்கும். உப்புத் தண்ணீரைவிட நல்ல தண்ணீருக்கு எடை குறைவு. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு முழம் நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது முழம் இருக்கிறது என்பது கணக்கு.*

இதில் ஒரு சங்கடம் உண்டு. மேலே கொஞ்சம் குறைந்தால் கீழே அதைப்போல நாற்பது பங்கு குறையும். உப்பு மேலே ஏறும். ஊருக்குக் குடிநீர் தரும் பம்புகள் காட்டின் ஓரத்தில்தான் இருக்கின்றன. ஆகவே அக்கா பதிவேட்டில் எழுதும் ஒரு விரல்கடை என்பது வெறும் விரல்கடை இல்லை.

* "ஏறக்குறைய" என்ற சொல்லை அக்கா சேர்க்கச் சொன்னாள். மணலைப் பொறுத்து மாறுமாம். முழக்கணக்கில் எழுதியதற்கும் திட்டினாள். ஆமாம், படித்துவிட்டாள். திருட்டை மறைக்கும் சாமர்த்தியம் எனக்குக் கிடையாது; பிரதியை அவள் வீட்டு மேசையிலேயே மறந்து வைத்துவிட்டு வந்தேன்.

4

மாமா, அதாவது அக்காவின் கணவர், அந்தக் காட்டின் வனக்காவலர்.

(புனைவில் இப்படி ஒரு பொருத்தம் வைத்தால் "வசதிக்காகச் செய்தது" என்று விமர்சகர்கள் எழுதுவார்கள். இருவரும் சந்தித்ததே காட்டுக்குள் ஒரு பூட்டுச் சாவி தொலைந்தபோதுதான். நான் என்ன செய்யட்டும்?)

இருபது வருடங்களுக்கு முன்னால் மணல் பறந்துபோய் ஊரை மூடாமலிருக்கக் கடலோரமாகப் புதுக்கன்றுகள் நட்டார்கள். நட்டவர்களில் மாமாவும் ஒருவர். இன்றைக்கு அவை இரண்டு ஆள் உயரத்தை எப்போதோ தாண்டி, மேலே பார்த்தால் தொப்பி விழும் உயரத்துக்கு வந்துவிட்டன.

அப்புறம், மூன்று வருடங்களுக்கு முன்னால் கிணறுகளில் தண்ணீர் இறங்கத் தொடங்கியது. சராசரியாக இருபது சென்டிமீட்டர். எல்லாம் அக்கா எழுதிய எண்கள். அவற்றை வைத்து பொறியாளர் அறிக்கை தயாரித்தார்: பைன் மரம் இலையுதிர்க்காத மரம், வருடம் முழுக்கக் குடிக்கும், நட்ட கன்றுகள் வளர்ந்துவிட்டன, குடி கூடிவிட்டது, மூவாயிரம் மரங்களை எடுத்தால் தண்ணீர் மீளும். அறிவியலில் தப்பில்லை. மரம் குடிக்கத்தான் செய்யும். நகரமன்றம் ஓட்டெடுத்து முடிவு செய்ய ஒரு நாளும் குறித்தாகிவிட்டது. ஓட்டு விழுமுன்னே மரங்களுக்குச் சிவப்பு வளையம் போட்டு வைக்கும்படி வனத்துறைக்கு உத்தரவும் வந்துவிட்டது. அலுவலகங்களுக்கு எதிர்காலத்தின்மீது அபார நம்பிக்கை.

வளையம் போட்டது மாமா.

அவர் நட்ட மரங்களுக்கு, அவர் பெண்டாட்டி எழுதிய எண்களின்படி, அவரே வண்ணம் பூசினார். வீட்டுக்கு வந்து மண்ணெண்ணெய்த் துணியால் நகத்தைத் தேய்த்துவிட்டுச் சாப்பிட உட்காருவார்.

"என்னங்க, இன்னிக்கு எத்தனை?"

"நூத்திப்பத்து."

"எந்தப் பக்கம்?"

"நீ சொன்ன பக்கம்தான்."

அவ்வளவுதான் பேச்சு. அவர் குத்திக் காட்டவில்லை, தகவல் சொன்னார். குத்திக் காட்டியிருந்தால் அக்கா திருப்பிக் கொடுத்திருப்பாள், வீடு கலகலப்பாக இருந்திருக்கும். தகவலுக்கு என்ன பதில் சொல்வது? ஐந்து வாரம் இப்படியே ஓடியது. என் அக்கா வாயை மூடிக்கொண்டு ஐந்து வாரம் சாப்பிட்டாள் என்பதை எங்கள் வீட்டில் யாரும் நம்பவில்லை.

5

(இந்த இடத்தில் மரங்களின் பார்வையில் ஒரு பகுதி எழுதியிருந்தேன். மூன்று பக்கம். அக்கா அதன் ஓரத்தில் "இது எதுக்கு?" என்று எழுதியிருந்தாள். பதில் தெரியவில்லை. எடுத்துவிட்டேன்.)

6

ஓட்டெடுப்புக்கு நான்கு நாள் முன்பு. அலுவலகத்தின் பின்னறை; ஒரு சன்னல், அதுவும் திறக்க வராது. மன்றத்தில் காட்டுவதற்காக நாற்பத்திரண்டு கிணறுகளையும் தனித்தனியாகப் பட்டியல் போடச் சொல்லியிருந்தார்கள். அதுவரை எல்லோரும் பார்த்தது சராசரியைத்தான்.

அக்கா வரிசையாக எழுதிக்கொண்டே வந்தாள். காட்டுக்குள் இருந்தவை பதினேழு, பதினேழு, பதினாறு சென்டிமீட்டர் என்று இறங்கியிருந்தன. பம்புகளுக்கு அருகில் நாற்பத்து நான்கு. சரி. இருபத்தொன்பதாம் கிணறு: பதினான்கு. பேனா நின்றது.

இருபத்தொன்பது, தீயில் எரிந்துபோய்ப் பத்து வருடமாக ஒரு மரமும் முளைக்காத பொட்டலில் இருக்கிறது. மரமே இல்லாத இடத்தில் எந்த மரம் குடித்தது?

கடைசிக் கிணற்றுக்குத் தாவினாள். நாற்பத்திரண்டு, அலை வந்து காலை நனைக்கும் தூரத்தில் இருப்பது. அங்கே தண்ணீர் ஏறக்குறையக் கடல்மட்டம்தான், வருடக்கணக்கில் அசையாது. அதுவும் பதினான்கு இறங்கியிருந்தது.

"கடலையுமா குடிச்சுச்சு?" என்று வாய்விட்டுக் கேட்டாளாம். அடுத்த மேசைக்காரர் "என்னம்மா?" என்றார். "ஒண்ணுமில்ல சார்."

கீச்சானை எடுத்துக்கொண்டு நடைக்கூடத்துக்குப் போனாள். தரையில் எஃகு நாடாவை நீட்டி, பக்கத்தில் கீச்சானின் நாடாவை நீட்டினாள். குண்டின் நுனியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி "1.00" என்று இருக்க வேண்டும். "1.14" என்று இருந்தது. நாடாவின் நுனியில் பதினான்கு சென்டிமீட்டரைக் காணவில்லை. அச்சடித்த எண்களுக்கு அது தெரியாதே! ஒரு மீட்டர் ஆழத்தில் இருந்த தண்ணீரை அவை ஒன்று பதினாலு என்றே மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தன.

குண்டுக்குச் சற்று மேலே, கறுப்பு டேப் சுற்றிய ஒட்டு. யார் போட்டது என்று அவளுக்குத் தெரியும்.

7

இந்தக் காட்சியை நான் நான்கு முறை எழுதினேன். ஒன்றில் அக்கா கத்தினாள், ஒன்றில் தட்டு பறந்தது. நடந்தது இதுதான். மத்தியானம், சமையலறை மேசை. எஃகு நாடாவும் கீச்சானும் பக்கத்தில் பக்கத்தில். அக்காவுக்குக் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும்.

"என்னங்க, இந்த ஒட்டு நீங்க போட்டதுதானுங்களே?"

மாமாவுக்கு முகமெல்லாம் பல். "பார்த்தியா! மூணு வருஷம் ஆச்சு, ஒரு பிசிறு கிளம்பல."

மூன்று வருடம் முன்பு அந்தக் கோடையில் ஜீப்புக் கதவில் மாட்டி நாடா நசுங்கிவிட்டது. விளக்கம் கேட்டுக் கடிதம் வரும் என்று அக்கா அழுது ஓய்ந்து படுத்துவிட்டாள். எழுந்தபோது கீச்சான் கத்திக்கொண்டிருந்தது. டேப் சுற்றியிருந்ததைப் பார்த்தாள். நசுங்கிய இடத்தில் சுற்றியிருக்கிறார் என்று நினைத்தாளே தவிர, வெட்டி ஒட்டியிருப்பார் என்று நினைக்கவில்லை.

"எவ்வளவு வெட்டினீங்க?"

"நசுங்கினது மட்டும்தான். கொஞ்சூண்டு."

"கொஞ்சூண்டுன்னா எவ்வளவுங்க?"

மாமா இரண்டு கையையும் நீட்டி இடைவெளி காட்டினார். அக்கா நடுவில் எஃகு நாடாவை வைத்தாள். பதினான்கு. மனிதருக்குக் கண் அளவு அற்புதம்.

"சரி, பதினாலு. அதுக்கென்ன இப்போ?"

"அதுக்கு மூவாயிரம் மரமுங்க."

மாமா தன் நகங்களைப் பார்த்தார்.

"நான் சொல்லியிருக்கணும்" என்றார்.

"நான் பார்த்திருக்கணும்" என்றாள் அக்கா. பதிவேட்டில் ஒவ்வொரு மாதமும் "கருவி சரிபார்க்கப்பட்டது" என்று ஒரு கட்டம் உண்டு. முப்பத்தாறு மாதங்கள். முப்பத்தாறு கட்டத்திலும் அவள் கையெழுத்து. சரிபார்த்தது ஒரு தடவைகூட இல்லை.

8

இப்போது பொறியாளர். முதல் பிரதியில் இவருக்கு முறுக்கு மீசையும் இடிச்சிரிப்பும் கொடுத்திருந்தேன். "அவருக்கு மீசையே கிடையாதுடா" என்றாள் அக்கா. "எனக்குக் காய்ச்சல் வந்தப்போ மாத்திரை வாங்கிட்டு வீடு தேடி வந்த மனுஷன். அவரை ஏன் இப்படி அசிங்கப்படுத்தறே?" சரி, மீசையைச் சிரைத்துவிட்டேன். அவர் சொன்னதை மட்டும் எழுதுகிறேன்.

"எல்லாக் கிணத்துலயும் ஒரே மாதிரி பதினாலுன்னா, ஒண்ணோட ஒண்ணை ஒப்பிட்டா மாறாதேம்மா?"

"மாறாது சார். ஆனா நாம ஒப்பிடலையே. சராசரியைப் போட்டு வெட்டச் சொல்லிட்டோம்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அறிக்கையில் முதல் கையெழுத்து அவருடையது. "ஓட்டெடுப்பு முடியட்டும். அடுத்த அறிக்கையில திருத்தம்னு ஒரு வரி போட்டுடலாம். உங்க வேலைக்கும் பாதகமில்ல."

"மரத்துக்குத் திருத்தம் எப்படி சார் போடறது?"

அவர் மறுபடியும் துடைத்தார். கண்ணாடி ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. "நான் உங்களைத் தடுக்க மாட்டேன்" என்றார் கடைசியில். "கூட நிக்கவும் எனக்குத் தைரியம் இல்ல."

இப்படி வெளிப்படையாகச் சொல்கிறவரை வைத்துக்கொண்டு எப்படி வில்லன் பண்ணுவது?

9

நகரமன்றம். உங்கள் வசதிக்காக இரண்டு வடிவங்கள்:

(அ) அக்கா எழுந்தாள். அவள் குரல் இடிபோல் முழங்கியது. "இயற்கையின் நீதிமன்றத்தில் —"

(ஆ) அக்கா பேசவில்லை. ஓட்டு விழுந்தது. கோடரிகள் —

(அ) மாதிரி அவள் பேசினால் நானே எழுந்து போய்விடுவேன். (ஆ) நடந்திருக்கலாம். முந்தின நாள் பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி, பேசாமல் இருந்துவிட்டால் என்ன என்று யோசித்ததாக அவளே சொன்னாள். பதினொரு வருடம் கஷ்டப்பட்டுச் சேர்த்த பெயர். மூன்று வருட எண்கள் பொய் என்று தன் வாயாலேயே சொல்ல வேண்டும். யோசித்துக்கொண்டே இரண்டு பேருந்துகளை விட்டுவிட்டாளாம்.

நடந்தது: ஒலிபெருக்கி இரைந்தது. அக்கா அதைக் கையால் ஒதுக்கிவிட்டு, எழுதி வைத்திருந்ததை முகத்துக்கு நேராகப் பிடித்துப் படித்தாள். "நாற்பத்திரண்டு கிணறுகளின் மூன்று வருட அளவுகளிலும் பதினான்கு சென்டிமீட்டர் பிழை உள்ளது. கருவியை நான் சரிபார்க்கவில்லை. சரிபார்த்ததாகக் கையெழுத்துப் போட்டேன்." மாமா பெயர் அந்தத் தாளில் இல்லை.

யாரோ சிரித்தார்கள். அப்புறம் நிறையப் பேர். அக்காவின் காது சிவந்தது.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "நாடாவை வெட்டினது நான்."

மாமா. சீருடையோடு நின்றிருந்தார். கூட்டங்களில் வாயே திறக்காதவர். "அவளுக்குத் தெரியாது. எந்தக் கத்தரின்னு கேட்டாலும் கொண்டுவந்து காட்டறேன்" என்றார். கத்தரியை யாரும் கேட்கவில்லை. சிரிப்பு மட்டும் நின்றுவிட்டது.

உறுப்பினர்களில் ஒருவர் கடற்கரையில் விடுதி வைத்திருப்பவர், கணக்கில் கெட்டிக்காரர். மடமடவென்று நாற்பதால் பெருக்கிவிட்டார். "அப்படின்னா அஞ்சரை மீட்டர் நல்ல தண்ணி நமக்கு லாபம்! இன்னும் ரெண்டு பம்பு போடலாமே!"

அக்கா பயந்துகொண்டிருந்தது இதற்குத்தான். மரத்தைக் காப்பாற்றினால் தண்ணீர் போய்விடும் போலிருந்தது.

"லாபம் இல்லீங்க" என்றாள். தாள் கையில் மடங்கிக் கிடந்தது. இது எழுதி வைத்தது இல்லை. "தொலைஞ்சதா நெனச்ச சாவி பையிலயே இருந்துச்சுன்னா, வீட்டுக்கு இன்னொரு கதவா முளைக்கும்? பிழையைக் கழிச்சுட்டுப் பாருங்க. காட்டுக்குள்ள ரெண்டு மூணு சென்டிமீட்டர்தான் இறங்கியிருக்கு. உங்க பம்புகிட்ட முப்பது. ஏற்கெனவே இருக்கற அந்தப் பம்பு ரெண்டும் வந்து மூணு வருஷம் ஆகுது. யாரு அதிகமா குடிச்சதுன்னு இப்போ சொல்லுங்க."

கைதட்டல் எழுந்தது. அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். என் அக்கா உட்கார மாட்டாள்.

"மரமும் குடிக்குதுங்க. அந்த ரெண்டு மூணு சென்டிமீட்டர் மரத்தோடது. நெருக்கமா நட்டிருக்கு, கொஞ்சம் கலைச்சு விடணும். அதையும் எழுதிக்கோங்க."

பின்வரிசையில் மாமா உட்கார்ந்துவிட்டார்.*

* நான் அக்காவிடம் கேட்டேன்: "அதை ஏன்க்கா சொன்னே? ஜெயிச்சாச்சே." அவள் என்னைப் பார்த்த பார்வைக்குத் தமிழில் சொல் இருக்கலாம், இந்தக் கதையில் அதற்கு இடம் இல்லை.

10

மன்றம் ஓட்டெடுப்பைத் தள்ளி வைத்தது. புதுக் கீச்சான் வந்தது. நாற்பத்திரண்டு கிணறுகளையும் மறுபடி அளக்க வேண்டும் என்று உத்தரவு. ஒருவர் அளக்க, வேறு துறையைச் சேர்ந்த ஒருவர் கூடவே நின்று சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். வேறு துறை என்றால் வனத்துறை. வனத்துறை என்றால் அந்தக் காட்டுக்கு ஒரே ஆள்தான். அலுவலகங்கள் எப்போதாவது நல்ல கதாசிரியர்களாகிவிடுகின்றன.

இதற்குள் அக்காவுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்துவிட்டது. பதவி உயர்வு இரண்டு வருடம் தள்ளிப்போனது. மாமாவுக்கும் ஒரு கடிதம், அடுத்த துறையின் கருவியைத் தொட்டதற்காக. இரண்டையும் ஒரே காந்தத்தால் குளிர்பெட்டிக் கதவில் மாட்டி வைத்திருக்கிறார்கள். நான் பார்த்தேன்.

மூன்று நாள் காட்டில் நடந்து அளந்தார்கள். அக்கா மன்றத்தில் சொன்ன எண்கள் சரிதான். பம்புகளில் ஒன்று மூடப்பட்டது. மரங்களில் ஐந்துக்கு ஒன்று எடுப்பது என்று முடிவாயிற்று. எது எது என்று மாமாவே தேர்ந்தெடுப்பார். காட்டுக்கு இது நல்லது என்று பிறகு அவரே ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொள்ள எட்டு மாதம் எடுத்துக்கொண்டார்.

11

கதையை இங்கே முடித்திருக்கலாம். ஆனால் மறு அளவையின் பதிவேட்டை வாங்கிப் பார்த்தேன். எழுதுகிறவனுக்கு இருக்கக் கூடாத பழக்கம்.

ஒவ்வொரு கிணற்றுக்கும் வந்த நேரம் எழுதியிருந்தது. முதல் நாள் முழுக்கக் கச்சிதமாக அரைமணிக்கு ஒரு கிணறு. இரண்டாம் நாள், பத்தொன்பதாம் கிணறு: காலை பத்து பத்து. இருபதாம் கிணறு: பன்னிரண்டு இருபது. இரண்டுக்கும் நடுவே ஐந்து நிமிட நடை. நான் நடந்து பார்த்தேன்.

ஐந்து வாரம் பேசாமலிருந்த இருவர், மன்றத்துக்குப் பிறகும் ஒழுங்காகப் பேசிக்கொள்ளாத இருவர், காட்டுக்குள் ஒரு குழாயின் அருகே இரண்டு மணி நேரம். அந்த இடத்தில் கதை இருக்கிறது, என்னிடம் இல்லை. மூன்று உரையாடல்கள் எழுதிப் பார்த்தேன். முதலாவதில் மாமா மன்னிப்புக் கேட்டார். இரண்டாவதில் அக்கா கேட்டாள். மூன்றாவதில் சண்டை போட்டார்கள். அதுதான் கொஞ்சம் உயிரோடு இருந்தது. மூன்றையும் மாமாவிடம் காட்டினேன். படித்தார், தாள்களை ஒழுங்காக அடுக்கினார், திருப்பிக் கொடுத்தார். "எழுத்துப் பிழை இல்ல" என்றார்.

கடைசியில் அக்காவிடமே போனேன்.

"பத்தொன்பதாம் கிணத்துல ரெண்டு மணி நேரம் என்னக்கா பண்ணீங்க?"

"தண்ணி அளந்தோம்டா."

"ரெண்டு மணி நேரமா?"

"ஆழமா இருந்துச்சு."

பதிவேட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பத்தொன்பதாம் கிணறு, நீர் இருந்த ஆழம்: ஒரு மீட்டர் பத்து. கீழே அளவர் கையெழுத்து, சாட்சிக் கையெழுத்து. குறிப்புக்கான கட்டம் காலியாக இருக்கிறது. நான் அதைத் தொடப்போவதில்லை, பேனா இந்தாருங்கள்.